மூக்கடியில் ஒரு விரல்

ஐம்பத்தேழாம் வருஷம் விஷக்காய்ச்சல் ஊர் ஊராக வந்துகொண்டிருந்தபோது, வெளியூர்க் காலேஜில் படித்துக்கொண்டிருந்த என் நாத்தனார் ஒரு டிரங்குப் பெட்டியோடு தென்காசிக்கு வந்து இறங்கினாள். ஹாஸ்டலில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் காலேஜையே மூடிவிட்டார்கள்.

வீட்டில் முதல் மரியாதை பெட்டிக்குத்தான். அதைத் தொழுவத்துக்குக் கொண்டுபோய்த் திறந்துபோட்டு சாம்பிராணி காட்டினார்கள். அடுத்துத்தான் நாத்தனார். அவளைப் பின்வாசலில் நிறுத்தி, மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீரைத் தூரத்தில் இருந்தே வீசி ஊற்றினாள் என் மாமியார். பெற்ற மகள்தான், ஆனாலும் அவ்வளவு தூரம் கை வீசி ஊற்றியதை அன்றுதான் பார்த்தேன்.

"அங்கனயே நில்லு, கிட்ட வராத. காய்ச்ச இருக்கா?"

"இல்லம்மா."

"இருமலு?"

"இல்ல."

"பின்ன மூஞ்சி என்னத்துக்குளா இப்படி இருக்கு?"

 மாமியார் இரண்டாம் தரம் கேட்கவில்லை. காய்ச்சல் இல்லை என்று ஆனபிறகு முகம் எப்படி இருந்தால் யாருக்கு என்ன?

என் மாமனாருக்குப் பெண்கள் படிப்பில் பெரிய அக்கறை என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. தெரு எதைத்தான் நம்பாது! எதிர்வீட்டுப் பங்காளி தன் மகளைப் பள்ளிப் படிப்பு முடிக்கவைத்துவிட்டு அதை வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அது பொறுக்காமல் மாமனார் தன் மகளைக் காலேஜில் கொண்டுபோய்ச் சேர்த்தார். என்ன பாடம் படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் "பெரிய படிப்பு" என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. மூன்றாம் வகுப்போடு நின்றுபோன எனக்குத் தெரியும். அவள் சரித்திரம் படித்தாள். லீவுக்கு வந்தால், ராஜாக்கள் அண்ணன் தம்பியைக் குத்திவிட்டுச் சிம்மாசனம் ஏறிய கதையை எல்லாம் என்னிடம் சொல்லுவாள். நான் அந்த ராஜாக்களுக்கு எங்கள் பங்காளிகளின் மூஞ்சியை வைத்துப் பார்த்துச் சிரிப்பேன். அவளும் சிரிப்பாள். எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

இந்தத் தரம் வந்தவள் கதையும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். ஒருநாள் மத்தியானம் மாமியார் பாயில் படுத்துக் கண்ணயர்ந்திருந்தாள். திடீரென்று வீடு அதிர ஒரு கத்தல். நான் அடுக்களையில் இருந்து ஓடினேன். மாமியார் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் நாத்தனார் விரலை நீட்டிக்கொண்டு மண்டியிட்டிருக்கிறாள்.

"மூக்குக்கிட்ட விரல வச்சு என்னளா பண்ணுத?"

"மூச்சு வருதான்னு பாத்தேன்."

"வராம எங்கன போவும்? நான் என்ன செத்தா கெடக்கேன்?"

"இல்லம்மா, வருது" என்றாள் நாத்தனார். ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரி இருந்தது. சொல்லிவிட்டு, சாய்வு நாற்காலியில் உறங்கிக்கொண்டிருந்த மாமனாரிடம் போனாள். அவர் விடுகிற குறட்டை எதிர்வீட்டுப் பங்காளியைப் பல வருஷமாகத் தண்டித்து வந்தது. அந்த மூக்கின் அடியிலும் விரலை வைத்தாள்.

"ஏளா, குறட்ட விடுத மனுசனுக்குமா பாக்கணும்?" என்று நான் கேலி செய்தேன்.

"குறட்ட திடீர்னு நின்னுட்டா, மதினி?"

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பிறகு அது தினப்படி ஆயிற்று. யார் கண்ணை மூடினாலும் விரல் வந்துவிடும். தொழுவத்தில் படுத்து அசைபோடுகிற மாட்டுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்தது. மாமனார் தன் மத்தியான உறக்கத்தை எங்கள் அரிசி மில்லுக்கு மாற்றிக்கொண்டார். என் வீட்டுக்காரர் சாப்பிடவும் கொட்டாவி விடவும் தவிர வாயைத் திறக்காதவர். அவரே "இதுக்கு ஏதாவது பண்ணணும்" என்று சொல்லிவிட்டு, தாம் ஏதாவது பண்ணவேண்டியிருக்குமோ என்று பயந்து வெளியே போய்விட்டார்.

பண்ணுவதற்கென்று ஒருத்தர் வந்தார். மாமியாரின் தம்பி, எனக்குச் சித்தப்பா முறை. ஊரில் யார் வீட்டுக் கஷ்டத்துக்கும் கூப்பிடாமல் வந்து நிற்கிற மனுஷர். கழுத்தில் ஒரு கற்பூரப் பொட்டணத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பேசுவார், பொட்டணத்தை முகர்வார், மறுபடி பேசுவார்.

"காய்ச்சலுக்கெல்லாம் பயப்படக்கூடாதுக்கா" என்று சொல்லி ஒரு தரம் முகர்ந்தார். "பயந்தாத்தான் இப்படி. மூளை சூடேறிப்போச்சு. பொம்பளப் பிள்ளைக்குப் புஸ்தகச் சூடு வேற. இது கோட்டிதான்."

எங்கள் பக்கத்தில் பைத்தியத்துக்குக் கோட்டி என்று பேர். அந்த வார்த்தை வீட்டுக்குள் விழுந்ததும் மாமியார் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். மகளுக்குக் கோட்டி என்பதைவிட அது எதிர்வீட்டுக்குக் கேட்டுவிடும் என்பதுதான் அவளுக்குப் பெரிய பயம்.

"தலை நெறைய எண்ணெய வச்சு அருவியில நிறுத்துவோம். எறங்கிரும்" என்றார் அவர்.

குற்றாலத்துத் தண்ணீர் கோட்டியை இறக்கும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். சாரல் காலத்தில் எங்கெங்கிருந்தோ ஆட்களைக் கூட்டிவந்து, எண்ணெயைத் தலையில் கொட்டி, கையைப் பிடித்து இழுத்துப்போய் அருவிக்கு அடியில் நிறுத்துவார்கள். நிற்கிறவர் கத்தினால், கோட்டி இறங்குகிறது என்பார்கள். கத்தாமல் நின்றால், இறங்கிவிட்டது என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் அருவி தோற்காது.

"அருவி பாதி, கல்யாணம் பாதி. ரெண்டும் சேந்தா முழுசாச் சரியாயிரும்" என்று முடித்தார்.

"அப்ப கல்யாணம் ஆன நாங்கள்லாம் தெளிவா இருக்கோமா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"ஒனக்கு வாய் மட்டும் நல்லாத் தெளிஞ்சிருக்கு, போ" என்றார்.

மாப்பிள்ளையும் அவர் கையில் தயாராக இருந்தான். வீரகேரளம்புதூர்ப் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பம். பையன் பட்டணத்தில் வக்கீலுக்குப் படிக்கிறான். எங்கள் வீட்டில் யாரும் அவனைப் பார்த்ததில்லை, ஜாதகத்தைத்தான் பார்த்திருந்தார்கள். ஜாதகம் ரொம்ப லட்சணமாக இருந்ததாம். அவன் வீட்டார் சாரலுக்காகக் குற்றாலத்தில் வீடு எடுத்துத் தங்கியிருந்தார்கள். அருவிக்குக் குளிக்கப்போகும்போது எதேச்சையாகப் பார்த்துக்கொண்ட மாதிரி பையனின் அம்மா பெண்ணைப் பார்த்துவிடலாம். ஆடி பிறப்பதற்குள் பேச்சை முடித்துவிட்டால் ஆவணியில் கல்யாணம். கோட்டியை இறக்கவும் பெண்ணைக் காட்டவும் ஒரே வண்டி போதும் என்று கணக்குப் போட்ட மூளையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கிறது.

ஆடி நடுவில் காலேஜ் திறக்கப்போகிறார்கள் என்று தகவல் வந்திருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மாமியார் டிரங்குப் பெட்டியில் இருந்த புஸ்தகங்களை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு, வருஷத்து மிளகாய் வற்றலைப் பெட்டியில் கொட்டி மூடினாள். அதைப் பார்த்தபோதுதான் நாத்தனார் வாயைத் திறந்தாள்.

"நான் காலேஜுக்குப் போகணும்மா."

"போயி? இன்னும் எத்தன பேரு மூக்குல விரல விடணும்?"

அன்று சாயங்காலம் நான் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வம்பு கேட்காவிட்டால் மாவு பொங்காது. அதனால் கேட்டேன்: "ஏளா, அங்கன என்னதான் நடந்துச்சு? எதுக்கு இப்படி மூச்சப் பாத்துக்கிட்டுத் திரியுத?"

அவள் இன்னொரு கை தண்ணீர் தெளித்தாள்.

"எல்லாரும் படுத்துட்டாங்க மதினி. எனக்கு மட்டும் ஒண்ணும் வரல. நாந்தான் கஞ்சி குடுத்தேன், துணி நனைச்சு நெத்தியில போட்டேன். பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி, நாகர்கோவில் பக்கம். எங்கையப் புடிச்சுக்கிட்டு, 'உறங்கிராத, எனக்கு மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே இரு'ன்னு சொன்னா. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். விடியப்போற நேரத்துல எப்பவோ கண்ணு சொருகிட்டு. முழிச்சுப் பாத்தா கட்டில் காலி. அவ மெத்தையத் தோட்டத்துல போட்டு எரிச்சுக்கிட்டு இருக்காங்க."

"அவ?"

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, நீ போயிப் பெட்டியக் கட்டுன்னு சொன்னாங்க. சொல்லும்போது ஒருத்தரும் எம்மூஞ்சியப் பாக்கல மதினி."

"ஒரு கார்டு எழுதிக் கேட்டாத் தெரிஞ்சிட்டுப் போவுது."

"பதில் வந்து, அதுல அவ இல்லன்னு எழுதியிருந்தா?"

 குழவியைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"காலேஜ் திறந்ததும் நேர அந்தக் கட்டிலுக்குப் போவேன். அவ அதுல இருந்தா உசுரோட இருக்கா" என்றாள். "போகாம இங்கனயே கட்டிக் குடுத்துட்டீங்கன்னா, காலம்பூரா எனக்கு அந்தக் கட்டில் காலியாத்தான் கெடக்கும்."

இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு உரல் உளுந்து அரைபடுகிற நேரம்தான் ஆயிற்று. அந்த வீட்டில் இருந்த பெரிய மனுஷர் ஒருத்தருக்கும் அவ்வளவு நேரம் இல்லை. நான் போய் மாமியாரிடம் சொன்னேன். "கூடப் படுத்தவ செத்தா இவளுக்கு என்ன? அக்காளா தங்கச்சியா?" என்று கேட்டுவிட்டு, நாளைக்கு எந்தப் புடவையைக் கட்டி அழைத்துப்போவது என்ற யோசனைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை வில்வண்டியில் கிளம்பினோம். மாமியார், நான், நாத்தனார். முன்னால் வண்டிக்காரர் பக்கத்தில் கற்பூரப் பொட்டணத்தோடு சித்தப்பா. மேலகரம் தாண்டும்போதே சாரல் முகத்தில் அடித்தது. நாத்தனார் தலையில் மாமியார் கொட்டிய நல்லெண்ணெய் காது வழியாக ஒழுகிக் கழுத்துச் சங்கிலியில் தேங்கியது.

"ஒரு பெருங்காயக் கட்டியையும் போட்டிருந்தா தாளிச்சிருக்கலாம்" என்று அவள் காதில் சொன்னேன். அவள் உதட்டோரம் லேசாக அசைந்த மாதிரி இருந்தது. எண்ணெய் வழிந்ததாகவும் இருக்கலாம்.

"வழி பூராப் பேசிக்கிட்டே வராதீங்கடீ" என்று மாமியார் அதட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தி மகளிடம் சொன்னாள்: "அந்தம்மா முன்னால வெரல மடக்கி வச்சுக்கோ. காய்ச்ச, ஹாஸ்டல், ஒண்ணும் பேசப்படாது. காலேஜ் புடிக்காம நீயாத்தான் வந்த. என்ன?"

பேரருவியில் பெண்கள் பக்கம் கூட்டம். எல்லோர் தலையிலும் எண்ணெய், எல்லோர் கண்ணும் சிவப்பு, எல்லோரும் தண்ணீருக்கு அடியில் ஏதோ கத்திக்கொண்டிருக்கிறார்கள். இதில் யாருக்குக் கோட்டியை இறக்க வந்திருக்கிறார்கள், யார் சும்மா குளிக்க வந்தவர்கள் என்று பிரம்மாவாலும் பிரித்துச் சொல்ல முடியாது. மாமியார் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்து நாத்தனாரை அடியில் நிறுத்தினோம். அவள் கத்தவில்லை. "எறங்கிட்டு" என்றாள் மாமியார், திருப்தியாக.

ஈரத்தோடு கரையேறியபோது பையனின் அம்மா வந்தாள். கனத்த உடம்பு, காதில் கல் கம்மல். இரண்டு அம்மாக்களும் எதேச்சையாகப் பார்த்துக்கொண்டதற்காக ரொம்ப நேரம் ஆச்சரியப்பட்டார்கள்.

"நாங்க சும்மா சாரலுக்கு வந்தோம் யக்கா. பையனுக்கும் லீவு" என்றாள் அவள்.

"நாங்களும் சும்மாதான். பிள்ளைக்குக் காலேஜே புடிக்கலன்னுட்டா. வீட்டு வேலையிலதான் மனசு."

"எம்மவனும் அப்படித்தான். ரொம்ப அமைதி. இருக்க எடம் தெரியாது."

அந்த நேரம் பார்த்து, ஆண்கள் பக்கம் குளிக்கப் போயிருந்த சித்தப்பா தலை துவட்டிக்கொண்டே குதூகலமாக வந்தார். எங்கள் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"யக்கா, அங்கன ஒரு கூத்து நடக்கு பாரு! ஒரு கோட்டிக்காரப் பயல ரெண்டு பேரு இழுத்து நிறுத்தப் பாக்குதாங்க. அந்தச் சவம் மூக்கச் சுத்தித் துண்டக் கட்டிக்கிட்டு அவுக்க மாட்டேங்கான். காத்துல காய்ச்ச இருக்காம்! அடிக்கிற தண்ணியில காத்து எங்கலே இருக்குன்னு நானே கேட்டுட்டு வாரேன்."

சொல்லிவிட்டு அவர் தன் பொட்டணத்தை எடுத்து ஒரு தரம் முகர்ந்துகொண்டார்.

சிரித்தவர் அவர் ஒருத்தர்தான். பையனின் அம்மா முகத்தில் ஈ ஆடவில்லை. அதற்குள் ஆண்கள் பக்கமிருந்து ஒரு ஆள் சொட்டச் சொட்ட ஓடிவந்தான். "மதினி, நீங்க வந்து சொல்லுங்க. ஒங்க மவன் துண்ட விடமாட்டேங்கான்" என்று அந்தம்மாவைப் பார்த்துத்தான் கூப்பிட்டான். அவளுடைய கொழுந்தனாம்.

அந்தம்மா அப்படியே பாறையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் தடுப்பதற்குள் நாத்தனார் குனிந்து, சம்பந்தியாக வரவேண்டிய அந்த அம்மாவின் மூக்குக்கு அடியில் விரலை வைத்தாள். வைத்துப் பார்த்துவிட்டு எங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்: "மூச்சு வருது."

மாமியார் தலையில் கையை வைத்துக்கொண்டாள். அந்தம்மா கண்ணைத் திறந்து விரலைப் பார்த்தாள், விரலுக்கு உரியவளைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். இரண்டு வீட்டுக் குட்டும் ஒரே பாறையில் காய்ந்துகொண்டிருந்தது.

நாத்தனார் அந்தக் கொழுந்தனிடம் திரும்பினாள். வயதுப்பெண் அறியாத ஆணிடம் பேசுகிற காலமில்லை அது. ஆனாலும் கேட்டாள்.

"அவுக ஹாஸ்டலயும் மூடிட்டாங்களா?"

"ஆமாம்மா. கூட இருந்த பையன் ஒருத்தன்..." என்று ஆரம்பித்து, அந்தம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"துண்ட அவுககிட்டயே குடுத்துருங்க. புடுங்குனா மூச்ச அடக்கிக்கிடுவாக" என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். நாங்கள் கிளம்பும்போது எட்டிப் பார்த்தேன். ஒல்லியாக ஒரு பையன் ஓரமாகப் பாறையில் குந்தி இருந்தான். மூக்கில் ஈரத்துண்டு. அருவியையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் அவனை இழுக்கவில்லை. நாத்தனாரும் பார்த்தாள். 

இரண்டு அம்மாக்களும் பிரிகிறபோது நடந்த பேச்சு இன்னும் அருமை.

"எம்மவனுக்கு ஒண்ணுமில்ல யக்கா. சாரல் ஒத்துக்கல."

"எம்மவளுக்கும் ஒண்ணுமில்ல. எண்ணெய் ஒத்துக்கல."

"வெளிய ஒண்ணும்..."

"சேச்சே, நான் எதுக்குச் சொல்லுதேன்? நீங்களும்..."

"எனக்கு எதுக்கு அது?"

கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவர்கள்கூட அவ்வளவு ஒழுங்காக வாக்கைக் காப்பாற்றியிருக்கமாட்டார்கள். வண்டியில் திரும்பும்போது சித்தப்பா பொட்டணத்தை மட்டும் முகர்ந்துகொண்டு வந்தார். "சித்தப்பா, ஜாதகத்துல துண்டு இருந்துச்சா?" என்று நான் கேட்டதும் இன்னொரு தரம் முகர்ந்தார்.

அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. இப்போது வீட்டுக்குப் புதுக் கவலை வந்தது. பேசின இடம் ஏன் தட்டிப்போனது என்று எதிர்வீட்டுப் பங்காளி கேட்டால் என்ன சொல்வது? மாமியாரும் மாமனாரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நான் வெற்றிலைத் தட்டை வைக்கப்போன சாக்கில் சொன்னேன்: "மாப்ள நல்லாத்தான் இருந்தான், எங்க பிள்ளைதான் படிப்ப முடிச்சுட்டுத்தான் கல்யாணம்னுட்டான்னு சொன்னா என்ன மாமா?"

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பங்காளியின் முகம் எப்படிப் போகும் என்பதை அவர் அப்போதே பார்த்துவிட்டார் என்று தெரிந்தது.

"அப்ப அவள அனுப்பணுமே" என்றாள் மாமியார்.

"அனுப்பாம? பெரிய படிப்புல்லா!" என்றார் அவர்.

மிளகாய் வற்றல் சாக்குக்கு மாறியது. புஸ்தகங்கள் பரணிலிருந்து இறங்கின. அவளைக் காலேஜில் சேர்த்தது பங்காளி மேல் இருந்த வீம்பு, மறுபடி அனுப்பியதும் அதே வீம்பு. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டவர் அப்போதும் இல்லை. கடைசிவரை அருவிதான் அவளைக் குணப்படுத்தியது என்று மாமியார் சாதித்தாள். ரயிலுக்குப் போகிற அன்று காலையில்கூட நாத்தனார் என் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

தீபாவளி லீவுக்கு வந்தாள். சாப்பாடு கொஞ்சம் இறங்கியது. மற்றவர்கள் அந்தப் பக்கம் போனதும் அடுக்களையில் பிடித்துக்கொண்டேன்.

"என்னளா, கட்டில்?"

"போன அன்னைக்குப் பெட்டியத் தெறந்தேன் மதினி. மிளகா நெடி. அறை பூராத் தும்மல். மறுபடி காய்ச்ச வந்துட்டுன்னு எல்லாரும் மூக்கப் பொத்திக்கிட்டு வெளிய ஓடிட்டாங்க." சொல்லும்போது சிரித்தாள். சிரிப்பு நின்றதும் சொன்னாள்: "அந்தக் கட்டில்ல வேற ஒருத்தி இருந்தா."

நான் முறுக்கு மாவைப் பிசைவதை நிறுத்திவிட்டேன்.

"நாகர்கோவில்காரி சாகல மதினி. பொழச்சுட்டா. வீட்டுக்குப் போயும் ராத்திரியில பயந்து பயந்து எந்திரிச்சிருக்கா. அதுக்குன்னு கல்யாணம் பண்ணி வச்சுட்டாங்களாம். இனிமே படிக்க வரமாட்டா."

நல்ல சேதியா கெட்ட சேதியா என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்த வீட்டிலும் ஒரு சித்தப்பா இருந்திருப்பார், கழுத்தில் பொட்டணத்தோடு.

"கார்டு எழுதுனியா?"

"எழுதுனேன். இன்னும் பதில் வரல. வரும்."

அன்று மத்தியானம் பலகார வேலைக்கு நடுவே அலுப்பில் அடுக்களைத் தரையிலேயே முந்தானையை விரித்துப் படுத்துவிட்டேன். கண்ணை மூடியிருந்தேனே தவிர உறங்கவில்லை. கொலுசுச் சத்தம் மெல்ல வந்தது. மூக்கடியில் விரல் வந்து நின்றது. அதில் முறுக்கு எண்ணெய் வாசம். நான் 'ஃபூ' என்று அந்த விரல் மேல் பலமாக ஊதினேன். அவள் அலறிப் பின்னால் போய் விழுந்து, பிறகு என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"இருக்கீங்களான்னு பாத்தேன் மதினி."

"உங்கம்மா போகவிட்டாத்தானே" என்றேன். "மாவு இன்னும் பாதிக்கு மேல கெடக்கு."